தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து வன்னிக்குத் திரும்புகிறவர்களுக்கு: எந்தக் கடதாசி முதலில், எந்தக் கந்தோர் பிறகு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலம் என்று எங்கே வந்து இறங்கினாலும் முதல் மாதங்கள் கந்தோர் (அலுவலகம்) ஏறி இறங்குவதில்தான் போகும். அந்த அலைச்சலில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலேயே தவிர்க்கக்கூடியது. இங்கே ஒவ்வொரு மேசையும் முந்தின மேசையின் கடதாசியைக் கேட்கும், முதல் கடதாசி இந்தியாவில் கிடக்கும். அதனால் வேலையைச் சென்னையில் தொடங்க வேண்டும்.

ஏறுமுன்

முகாமில் பிறந்த பிள்ளை, தாய் தகப்பன் இலங்கையர் என்பதற்காகத் தானாக இலங்கைப் பிரஜையாகிவிடாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். பிந்தினாலும் பதியலாம், ஆனால் அமைச்சின் அனுமதி தேவை. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் உரிமை கோரலாம். இதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கே வந்து பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்திலும் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் குறையுள்ள இந்தியப் பத்திரத்தைத் திருத்த மறுபடி தமிழ்நாட்டுக்கு ஆள் விட வேண்டிவரும்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. ஒன்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பது. ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பெயரில்லாமல் பதிந்து அப்படியே விட்டிருப்பார்கள். பதிந்த நகராட்சியிலோ ஊராட்சியிலோ பெயரைச் சேர்க்கலாம். பதினைந்து வயது தாண்டினால் சிக்கல் கூடும். இரண்டு, தகப்பன் பெயர் இந்தியப் பத்திரத்தில் முதலெழுத்தோடும் இலங்கைப் பத்திரத்தில் முழுப் பெயராகவும் இருப்பது, அல்லது ஆங்கில எழுத்து மாறியிருப்பது. மூன்று, கோயிலில் தாலி கட்டியதோடு விட்ட கலியாணம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்றிதழை எடுத்துவிடுங்கள்.

பெரியவர்கள் தங்கள் வயதையும் ஒருதரம் பார்க்க வேண்டும். முகாமில் பதியும்போது வாயில் வந்த வயதைச் சொன்னவர்கள் நிறையப் பேர். பழைய இலங்கை அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் (பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும்). அந்த இலக்கமும் முகாம் அட்டையும் வெவ்வேறு வருடம் சொன்னால், இலங்கைப் பத்திரத்தையே அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். அட்டை போரில் தொலைந்திருந்தாலும் இலக்கம் எங்காவது எழுதியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அதை வைத்துத் தேடி எடுத்தால் வேலை பாதியாகக் குறையும்.

முகாமில் இறந்தவர்களின் இறப்புச் சான்றிதழ்களையும் கட்டாயம் கொண்டுவாருங்கள். பலர் விட்டுவிட்டு வருவது இதைத்தான். தாத்தா பெயரில் விசுவமடுவிலோ முத்தையன்கட்டிலோ காணி இருந்தால், அவர் தமிழ்நாட்டில் இறந்ததற்கான அத்தாட்சி இல்லாமல் பெயர் மாற்றமே தொடங்காது. இவற்றோடு பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், தடுப்பூசி அட்டை, முகாம் அட்டையின் பிரதி ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் போட வேண்டாம்.

படகில் வர வேண்டாம். அனுமதிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத இடத்தில் இறங்குவது குற்றம், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். கடவுச்சீட்டில்லாமல் அந்தக் காலத்தில் படகேறியதையும் சட்டத்தின் எழுத்துப்படி குற்றமாகப் பார்க்க இடமிருக்கிறது. பயணப் பத்திரத்தோடு விமானத்தில் வந்த முதியவர் ஒருவரே 2025இல் பலாலி விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டார். ஆகவே இந்திய வெளியேறும் அனுமதியோடும் துணை உயர்ஸ்தானிகராலயத்தின் பயணப் பத்திரத்தோடும் வாருங்கள். வரும் நாளை உறவினர் ஒருவருக்கும் சட்டத்தரணி ஒருவருக்கும் முன்பே அறிவித்து வையுங்கள்.

வந்த முதல் கிழமை

முதலில் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போங்கள். அவர் குடும்பத்தைப் பதிந்து வதிவிடச் சான்றிதழ் தந்தால்தான் மற்றதெல்லாம் நகரும். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். வெளிக்களத்துக்குப் போகும் நாட்களில் விதானையார் கந்தோரில் இருக்க மாட்டார், கதவில் எழுதியிருக்கும் நாட்களைப் பார்த்துப் போங்கள். காணி துணுக்காயிலும் இருப்பு வவுனியாவில் அக்கா வீட்டிலும் என்றால் எங்கே பதிவது என்று குழப்பம் வரும். வீட்டுத்திட்டமும் காணி அலுவலும் காணி இருக்கும் பிரிவோடு போகிறவை. அங்கே குடியேறும் எண்ணம் உறுதியென்றால் தொடக்கத்திலேயே அங்கே பதியுங்கள். இடையில் மாறினால் இரண்டு பட்டியலிலும் பெயர் விடுபடலாம்.

அதே கிழமையில் மலேரியாவுக்கு இரத்தம் சோதியுங்கள். அரச ஆஸ்பத்திரிகளில் இலவசம். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல் பதிவானது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு வன்னியில் இன்னும் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் ‘இந்தியாவிலிருந்து வந்தோம்’ என்று நீங்களாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இப்போதைய இளம் டாக்டர்களுக்கு மலேரியா முதலில் நினைவுக்கு வராது.

அடையாள அட்டை

பதினைந்து வயது நிரம்பிய எல்லோருக்கும் தேவை. விண்ணப்பம் விதானையார் வழியாக, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அதிபர் வழியாக. படத்தை ஆட்பதிவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் இணையத்தில் அனுப்பிவிட்டுத் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு இணையுங்கள். இந்தியாவில் பிறந்தவருக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழும் வேண்டும். அட்டை வந்த பிறகுதான் வங்கிக் கணக்கு, அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) எல்லாம். ஆதார் இங்கே எதற்கும் உதவாது.

பெற்றோரின் பிறப்புப் பத்திரமே இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் தேடுதலுக்கு விண்ணப்பியுங்கள். போரில் பதிவேடுகள் அழிந்த இடங்கள் உண்டு. ‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் வாங்கினால்தான் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் போகலாம். அதற்குப் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், சாதகக் குறிப்பு, சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி ஆகியவை துணையாகும்.

மலையகத்திலிருந்து கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து, பின் இந்தியா போன குடும்பங்களுக்கு வேறு வழி. 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை தருகிறது. போரால் இந்தியா போனவர்களுக்காக 2009இல் அது திருத்தப்பட்டது. சாதாரணப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துக் காலம் போக்காமல் இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம்

இங்கே தவணை ஜனவரியிலும் தமிழ்நாட்டில் ஜூனிலும் தொடங்குவதாகவே பொதுவில் கொள்ளலாம், ஆகவே வகுப்பு அரை வருடம் முன்பின்னாகும். சேர்ப்புக்கு வலயக் கல்வி அலுவலகத்தை அணுகுங்கள். பிரஜாவுரிமை வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சாதாரண தரத்தில் (பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் பொதுச் சோதனை) சமயமும் வரலாறும் கட்டாயப் பாடங்கள், தமிழ்நாட்டில் படித்த பிள்ளை சமயத்தைப் பாடமாகப் படித்திருக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து சிங்களமும் உண்டு. பத்தாம் வகுப்பில் நேராகக் கொண்டுவந்து சேர்ப்பதைவிட ஒரு வகுப்புக் கீழே விடுவது நல்லது. பிள்ளைக்குக் கோபம் வரும், ஆனால் சோதனையில் விழுவதைவிட மேல்.

காணி

வன்னியில் குடியேற்றத்திட்டக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த பெர்மிட் (அனுமதிப்பத்திர) அரச காணிகள். இவற்றை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. ‘நீங்கள் போன பிறகு எனக்கு வித்தவர்’ என்று ஒருவர் துண்டுக் கடதாசி காட்டினால் அதற்குச் சட்டப் பெறுமதி இல்லை. ஆனால் அவர் அங்கே வீடு கட்டியிருப்பார், ஆகவே சண்டைக்குப் போகாமல் பிரதேச செயலகக் காணிக் கிளையில் எழுத்தில் முறையிடுங்கள். பெர்மிட் தொலைந்திருந்தால் அங்குள்ள காணிப் பதிவேட்டில் பெயரைத் தேடுவிக்கலாம். பெர்மிட்காரர் இறந்து ஆறு மாதத்துக்குள் அவருக்குப் பின் உரித்துள்ளவர் (பின்னுரித்தாளர்) காணியைப் பொறுப்பேற்காவிட்டால் உரித்துப் போகும் என்று சட்டம் சொல்கிறது. முகாமிலிருந்த காலத்தை முகாம் அட்டையோடு காரணம் காட்டுங்கள். உறுதிக்காணியானால் (உறுதிப் பத்திரமுள்ள தனியார் காணி) காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது உரிமைப் பதிவேடு, பாருங்கள். வயல் என்றால் கமநல சேவை நிலையத்திலும் பெயரைப் பதிய வேண்டும், இல்லையேல் பசளை மானியம் வராது.

காடு பத்திய காணியை வெட்டத் தொடங்குமுன் பிரதேச செயலகத்தின் எழுத்து வேண்டும். ஆட்கள் இல்லாத காலத்தில் வனவளத் திணைக்களம் எல்லைக் கல் போட்ட இடங்கள் உண்டு. தங்கள் காணியென்று நினைத்து மரம் தறித்துப் பிடிபடுகிறார்கள்.

இதிலெல்லாம் தரகருக்கு மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், பிரதி போதும். வழக்குக்குச் சட்ட உதவி ஆணைக்குழு, பத்திர வேலைக்கு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அரச சேவை விசாரணைக்கு 1919, அம்புலன்ஸுக்கு 1990.

துப்புரவு செய்யும்போது குப்பையைக் கொளுத்த வேண்டாம், மண்ணுக்குள் வெடிபொருள் இருந்தால் சூட்டில் வெடிக்கும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணிதானா என்று விதானையாரிடம் கேட்டுவிட்டே மண்வெட்டியைப் போடுங்கள். பழைய கிணற்றைத் தாங்களாக இறைக்கவோ சேறு அள்ளவோ கூடாது, ஆயுதங்களைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போனதும் உண்டு. துருப்பிடித்த இரும்போ வயரோ தெரிந்தால் தொடாமல், வந்த அடித்தடத்திலேயே திரும்பிப் பொலிஸின் 119க்கு அறிவியுங்கள்.