பி.இ. படித்துக்கொண்டே ஜெர்மன்: செமஸ்டர் வாரியாக ஒரு திட்டம்

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க விரும்பி என்னிடம் வழி கேட்பவர்கள் பெரும்பாலும் ஏழாவது செமஸ்டரில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் பிளேஸ்மென்ட், ப்ராஜெக்ட், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு மூன்றும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். மொழிக்கு நேரமே கிடைக்காது. ஆங்கிலத்தில் நடக்கும் படிப்பில் சேர்ந்துவிடலாம்தான். ஆனால் பகுதிநேர வேலை, இன்டர்ன்ஷிப், படித்து முடித்தபின் வேலை தேடக் கிடைக்கும் 18 மாதம் என ஒவ்வொரு கட்டத்திலும் ஜெர்மன் தெரியாமல் தவித்த நம் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், இரண்டாவது செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள்.

படி 1: முதல் செமஸ்டரைப் படிப்புக்கு விடுங்கள்

கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர் விழாமல் பாருங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் நம் சிஜிபிஏவைத் தங்கள் அளவுக்கு மாற்றிப் பார்க்கும். அங்கே 1.0தான் உச்சம், 4.0 வெறும் தேர்ச்சி. அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, 3ஆல் பெருக்கி, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 1 கூட்ட வேண்டும். 10க்கு 8.2 வாங்கியிருந்து தேர்ச்சி மதிப்பு 5 என்றால், 1.8ஐ 3ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 1.08, அதோடு 1 சேர்த்தால் 2.08. நல்ல மதிப்புதான்.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள்

மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மூன்றாவதான பி1 நிலையை எட்ட 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவைப்படும். நடுவில் 500 என்று வைத்தால் 375 மணி நேரம். வாரம் 4 மணி நேரம் ஒதுக்கினால் ஏறக்குறைய 94 வாரம் ஆகும். தேர்வு வாரங்களைக் கழித்துவிட்டாலும், இரண்டாவது செமஸ்டரில் தொடங்கியவர் ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் பி1 தேர்வு எழுதிவிடலாம். ஜெர்மன் கற்றுக்கொள்ளச் சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனும் கோவையில் கோதே சென்ட்ரமும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு ஆன்லைன் வகுப்பு போதும்.

படி 3: தமிழ் வழியாகக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆங்கிலம் வழியாகவே ஜெர்மன் படிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சில இடங்களில் தமிழ்தான் நமக்குக் கைகொடுக்கிறது.

'வைல் இஷ் மஷீனன்பாவ் ஷ்டுடீரெ' என்ற துணை வாக்கியத்தைப் பாருங்கள். 'வைல்' என்றால் ஏனென்றால், 'இஷ்' என்றால் நான், 'மஷீனன்பாவ்' இயந்திரப் பொறியியல், 'ஷ்டுடீரெ' படிக்கிறேன். வினைச்சொல் கடைசியில் வந்து உட்காருகிறது, நம் வாக்கியத்தில் வருவது போலவே. ஆங்கில வரிசையை மனதில் வைத்திருப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

வேற்றுமையும் அப்படித்தான். 'நண்பனுக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறேன்' என்பதில் வரும் 'கு' அவர்களுடைய டாட்டிவ், 'ஐ' அவர்களுடைய அக்குசாட்டிவ். நாம் உருபைச் சொல்லின் முடிவில் ஒட்டுகிறோம். அவர்கள் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் வரும் 'டெர், டீ, டாஸ்' என்பதை மாற்றுகிறார்கள். எட்டு வேற்றுமை படித்த நமக்கு அவர்களுடைய நான்கு பெரிய பாரமில்லை.

பாரம் எது என்றால், பால். நமக்கு இயந்திரம் எல்லாமே அஃறிணை. அவர்களுக்கு மஷீனெ பெண்பால், மோட்டோர் ஆண்பால், கியர்பாக்ஸைக் குறிக்கும் கெட்ரீபெ அலிப்பால். குறுக்குவழி அதிகம் இல்லை. 'உங்' என்று முடியும் பெயர்ச்சொற்கள் பெண்பால் என்பது போன்ற சில விதிகள் மட்டும் உண்டு. எந்தச் சொல்லையும் அதன் முன்னால் வரும் டெர், டீ, டாஸோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட்டவர்கள் பி1-இல் திரும்ப முதலிலிருந்து படிக்கிறார்கள்.

படி 4: நான்காவது செமஸ்டரிலிருந்து பாடத்தையும் மொழியையும் கலந்துவிடுங்கள்

ஒரு தனி நோட்டு போடுங்கள். வகுப்பில் புதிதாக வரும் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஜெர்மன் சொல்லை எழுதுங்கள். 'டிரேயன்' என்றால் சுழற்றுவது. அதிலிருந்து டிரேமொமென்ட் (முறுக்குவிசை), டிரேட்சால் (சுழற்சி வேகம்) என்று சொற்கள் கிளைக்கும். 'ஷ்பானுங்' மின்பொறியியலில் மின்னழுத்தம். பொருள்களின் வலிமை பற்றிய பாடத்தில் அதே சொல் தகைவு. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

எண்களுக்குத் தனியாகப் பயிற்சி எடுங்கள். அவர்கள் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடுவார்கள், 3.5 அங்கே 3,5. வரைபடத்தில் 1.500 என்றிருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு. பேசும்போது ஒன்றாம் இடத்தை முதலில் சொல்வார்கள். 45 என்பது 'ஐந்தும் நாற்பதும்'. இன்டர்ன்ஷிப்பின் முதல் வாரம் ஒருவர் வாயால் சொன்ன 45-ஐ நான் 54 என்று குறித்துக்கொண்டு, ஒருநாள் எடுத்த அளவீடுகளை மறுநாள் முழுக்கத் திரும்ப எடுத்தேன். நண்பர் ஒருவரை எண்கள் சொல்லச் சொல்லி, தினமும் 10 நிமிடம் கேட்டு எழுதுங்கள்.

படி 5: பாடத்திட்டத்தைப் பத்திரப்படுத்துங்கள்

பலருடைய விண்ணப்பம் விழுவது மதிப்பெண்ணால் அல்ல, பாடப் பொருத்தம் இல்லாததால். கணிதம், மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ் எத்தனை கிரெடிட் படித்தீர்கள், அவற்றில் என்னென்ன இருந்தன என்று வரி வரியாக ஒப்பிடுவார்கள். உங்கள் ரெகுலேஷனுக்கு உரிய முழுப் பாடத்திட்டத்தையும் இப்போதே இறக்கிவையுங்கள். நீங்கள் சேர விரும்பும் படிப்பின் 'மோடூல்ஹாண்ட்புக்', அதாவது ஒவ்வொரு பாடத்தின் விவரமும் உள்ள கையேடு, இணையத்தில் கிடைக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எலெக்டிவ் தேர்ந்தெடுங்கள். ஆறாவது செமஸ்டருக்குள் இதைச் செய்தால் குறையைச் சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது, பிறகு இல்லை.

படி 6: காகிதங்களும் பணமும்

பி1 வாழவும் வேலை தேடவும் உதவும். ஜெர்மனில் நடக்கும் படிப்புக்கு அது போதாது. பொதுவாக டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வின் நான்கு பகுதியிலும் 4ஆம் நிலை, அல்லது டிஎஸ்எச் என்ற இன்னொரு மொழித் தேர்வில் 2ஆம் நிலை கேட்பார்கள்.

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். அதைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன; முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30. விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்டில் (மாதம் ஒரு அளவுக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும்: 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, மாதம் 992 வீதம்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கட்டணமே இல்லை என்று நம்பிப் போகாதீர்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேர்பவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 பொதுவான கடைசி நாள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல படிப்புகளில் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் தேதியைப் பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.