அடைக்கோழியை வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறை

கரு கூடிய முட்டைகளைக் குஞ்சாக்கும் வேலையில் வெப்பம் கொடுப்பதையும், முட்டைகளைப் புரட்டுவதையும், ஈரத்தைக் காப்பதையும் கோழியே பார்த்துக்கொள்கிறது. நல்ல கோழியைத் தேர்ந்தெடுப்பதும், நல்ல முட்டைகளைக் கொடுப்பதும், தொந்தரவில்லாத இடத்தை அமைத்துத் தருவதும்தான் நம் பொறுப்பு. இவை மூன்றையும் முட்டை வைப்பதற்கு முன்பே செம்மையாக முடித்துவிட்டால், அதன்பின் வரும் 21 நாட்களில் நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அடை வீணாவதற்கு முன்னேற்பாட்டின் குறையும், பிறகு அடிக்கடி கைவைப்பதுமே பெரும்பாலும் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கோழி உண்மையிலேயே அடைக்கு உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் சற்று நீண்ட நேரம் கூட்டில் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. முட்டையிட வந்த கோழியும் அப்படி இருப்பதுண்டு. அடைக்கோழி இரவிலும் கூட்டை விட்டு மற்ற கோழிகள் அடையும் இடத்துக்குத் திரும்பாது. நெருங்கினால் இறகுகளைச் சிலிர்த்து, உடலைத் தட்டையாகப் பரப்பி, கொர்ரென்று ஒலி எழுப்பும். கையை நீட்டினால் கொத்தவும் வரும். அதன் அடிவயிற்றில் இறகுகள் உதிர்ந்து தோல் வெறுமையாகத் தெரியும்; உடல் சூடு நேரடியாக முட்டைக்குச் சேர்வதற்கான ஏற்பாடு அது. இந்த அறிகுறிகள் தெரிந்தாலும் உடனே நல்ல முட்டைகளை வைத்துவிடாமல், இரண்டு மூன்று நாட்களுக்குப் பொய் முட்டைகளையோ உண்ணும் முட்டைகளையோ வைத்துச் சோதிப்பது நல்லது. அந்த நாட்களில் அசையாமல் இருந்த கோழியை நம்பலாம். எழுந்து திரிந்த கோழிக்கு மதிப்புள்ள முட்டைகளைக் கொடுக்க வேண்டாம்.

முட்டையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சேவலோடு வாழும் கோழி இட்ட முட்டையில் மட்டுமே கரு இருக்கும். 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் இருந்தால் பெரும்பாலான முட்டைகளில் கரு கூடியிருக்கும். கரு இருக்கிறதா என்பதைப் புது முட்டையின் ஓட்டுக்கு வெளியிலிருந்து காண முடியாது. ஆகவே அதே மந்தையின் ஓரிரு முட்டைகளை உடைத்து, மஞ்சள் கருவின் மேலுள்ள வெண்புள்ளியைக் கவனிக்க வேண்டும்: அது வட்டத்துக்குள் வட்டமாக, தெளிவான வளையத்தோடு இருந்தால் கரு கூடியிருக்கிறது என்று பொருள், வளையமின்றிச் சிறிய, ஒழுங்கற்ற வெண்திட்டாக இருந்தால் கூடவில்லை.

அடைக்குச் சேர்க்கும் முட்டைகள் ஒரு வாரத்துக்குள் இட்டவையாக இருப்பதே சிறப்பு. பத்து நாட்களைத் தாண்டினால் பொரிக்கும் திறன் வேகமாகக் குறையும். அவற்றை வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில், கூர்முனை கீழாகவும் மழுங்கிய முனை மேலாகவும் வைத்துச் சேமிக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் கடுங்குளிர் கருவுக்கு ஆகாது. வெப்பம் மிகுந்த அறையோ கருவை அரைகுறையாக வளரத் தூண்டிக் கொன்றுவிடும். முட்டையின் மேற்பரப்பில் கிருமிகளைத் தடுக்கும் மெல்லிய படலம் உள்ளதால், முட்டைகளைக் கழுவக் கூடாது; அழுக்கான முட்டையைச் சேர்க்காமல் விடுவதே மேல். கீறல் விட்டவை, மிகச் சிறியவை, மிகப் பெரியவை, வடிவம் கோணியவை ஆகியவற்றையும் ஒதுக்கிவிடலாம். தொலைவிலிருந்து கொண்டுவந்த முட்டைகளாயின், ஒரு நாள் அசைக்காமல் வைத்திருந்த பின்னரே அடை வைக்க வேண்டும்.

எண்ணிக்கையைக் கோழியின் உடல் அளவுதான் தீர்மானிக்கிறது. நடுத்தரக் கோழிக்கு 10 முதல் 12 முட்டைகள் போதும். சிறிய இனக் கோழிக்கு இன்னும் குறைவாகவே வைக்க வேண்டும். ஒரு முட்டை இறகுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அந்த ஒன்று மட்டும் கெடும் என்று நினைக்க வேண்டாம். கோழி முட்டைகளைப் புரட்டி இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், இன்று வெளியே குளிர்ந்தது நாளை உள்ளே போகும், உள்ளே இருந்தது வெளியே வரும். இப்படிப் பல முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுவிடும்.

கூட்டை மற்ற கோழிகளின் நடமாட்டமில்லாத, மங்கிய வெளிச்சமுள்ள, மழையும் நேர்வெயிலும் படாத இடத்தில் அமைக்க வேண்டும். நாய், பூனை, எலி, கீரி, பாம்பு ஆகியவை நுழையாதபடி நெருக்கமான கம்பிவலையால் அடைப்பது இன்றியமையாதது. ஆழம் குறைந்த கூடையிலோ பெட்டியிலோ அடியில் மண் பரப்பி, நடுவில் சற்றுக் குழிவாக்கி, அதன்மேல் உலர்ந்த வைக்கோலை இட்டால் முட்டைகள் நடுவில் கூடி நிற்கும். ஓரமாக உருண்டு குளிராது. பூஞ்சை பிடித்த வைக்கோலை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. முட்டை வைப்பதற்கு முன்பே கோழியின் இறக்கையடியிலும் ஆசனவாயைச் சுற்றிலும் பேன், செள்ளு இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் கோழிகளுக்கென உள்ள மருந்துப் பொடியால் நீக்கிவிட வேண்டும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் கோழியின் மேல் செள்ளு பெருகினால் அது இரத்தம் இழந்து வாடும். தொல்லை தாங்காமல் அடையைக் கைவிட்டும் போகும்.

கோழியைப் புதிய கூட்டுக்கு மாற்றுவதும், முட்டைகளை வைப்பதும் இரவில்தான் நடக்க வேண்டும். இருட்டில் கோழி அமைதியாக இருக்கும். விடிந்தபின் இருக்கும் இடத்தைத் தன்னிடமாக ஏற்றுக்கொள்ளும். எல்லா முட்டைகளையும் ஒரே நேரத்தில் வைப்பது மிக முக்கியம். பின்னர் இரண்டொன்றாகச் சேர்த்தால், முதல் குஞ்சுகள் வெளிவந்ததும் தாய் அவற்றோடு எழுந்துவிட, மீதிக் கருக்கள் முழு வளர்ச்சிக்கு முன்பே குளிர்ந்து சாகும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஓர் அடையாளம் இட்டு வைத்தால், வேறு கோழி வந்து இட்ட புது முட்டையை உடனே கண்டு எடுத்துவிடலாம்.

அடைக்காலத்தில் கோழி நாளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடங்கள் எழுந்து இரை எடுத்து, நீர் அருந்தி, எச்சமிட்டு, மண்ணில் புரண்டு திரும்பும். அந்த எச்சம் பெரிதாகவும் கடும் நாற்றத்தோடும் இருப்பது இயல்பே. தானியமும் தூய நீரும் கூட்டுக்கு அருகில் எப்போதும் இருக்க வேண்டும். தானாக எழாத கோழியை, இறக்கைக்கடியில் முட்டை சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லத் தூக்கி இரையின் அருகில் விடலாம். எப்போதாவது ஓரிரு மணி நேரம் முட்டைகள் குளிர்ந்துபோனாலும் அவற்றை எறிந்துவிட வேண்டாம். கரு பிழைத்திருக்க நல்ல வாய்ப்புண்டு. ஒரு முட்டை உடைந்துவிட்டால், நனைந்த வைக்கோலை மாற்றி, மற்ற முட்டைகளில் படிந்ததை வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் சிறு டார்ச் விளக்கை முட்டையின் மழுங்கிய முனையில் வைத்துப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். சிலந்தி வலை போல் இரத்த நாளங்கள் பரவியிருந்தால் கரு வளர்கிறது. எதுவுமின்றித் தெளிவாக இருந்தால் அது கரு கூடாத முட்டை. சிவந்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடக்கத்திலேயே இறந்திருக்கிறது. பதினான்காம் நாள் மீண்டும் ஒருமுறை பார்த்து, வளராதவற்றையும் நாற்றமடிக்கும் கூமுட்டைகளையும் நீக்கலாம். கெட்ட முட்டை வெடித்தால் மற்றவற்றுக்கும் கிருமி பரவும். தடித்த பழுப்பு ஓடுள்ள முட்டைகளில் உட்புறம் தெளிவாகத் தெரியாது; ஐயம் இருந்தால் விட்டுவைப்பதே சரி.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டைகளைத் தொடவே கூடாது. இக்கட்டத்தில் குஞ்சு வெளிவருவதற்கேற்ற நிலையில் திரும்பிக்கொள்கிறது. பின் முட்டையின் காற்றறையைத் துளைத்து முதல் மூச்சை எடுக்கிறது. அதன்பிறகே ஓட்டைக் கொத்துகிறது. முதல் கொத்துக்கும் முழுதாக வெளிவருவதற்கும் இடையில் ஒரு நாள் வரை ஆகலாம். இந்த இடைவெளி காண்பவர் மனத்தைப் பதறச் செய்யும். ஆனால் அந்த நேரத்தில்தான் உட்சவ்விலுள்ள இரத்தம் குஞ்சின் உடலுக்குள் இழுக்கப்படுகிறது. எஞ்சிய மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் சேர்கிறது. உதவுவதாக நினைத்து ஓட்டைப் பிய்த்தால் சவ்வு கிழிந்து இரத்தம் கசியும்; குஞ்சு இறக்கவும் நேரும். பொறுத்திருப்பதே அக்குஞ்சுக்கு நாம் செய்யும் பெரும் உதவி.

உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாட்கள் வரை உணவாக இருப்பதால், பொரித்தவுடன் இரை கொடுக்க வேண்டியதில்லை. தாமதமாக வரும் குஞ்சுகளுக்காகத் தாயும் அதுவரை உட்கார்ந்திருக்கும். தாய் குஞ்சுகளோடு எழுந்ததும் குஞ்சுத் தீவனத்தையும், கூழாங்கற்கள் போட்ட ஆழமற்ற தட்டில் நீரையும் வைக்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் குஞ்சுகள் மூழ்கிவிடும். முட்டைக்கோழித் தீவனத்திலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; ஆகவே அதை வைக்காமல், தாய்க்கும் சில வாரங்கள் குஞ்சுத் தீவனத்தையே கொடுக்கலாம். படுக்கை ஈரமானால் இரத்தக் கழிச்சல் வரும் என்பதால் அதை நாள்தோறும் பார்த்து மாற்ற வேண்டும். ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் தாய் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். அதற்குள் அவற்றுக்கு இறகு முளைத்திருக்கும். அப்போது குஞ்சுகளைத் தனியே பிரித்துவிடலாம்.