பல் பாரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பது எப்படியோ என் வேலையாகிவிட்டது. முதலாம் ஆண்டுப் பெற்றோரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பல் பாரத்தை, அதாவது பள்ளிக்கு வரும் அரசுப் பல் குழு பிள்ளைக்குச் சிகிச்சை தர நம் சம்மதம் கேட்கும் படிவத்தை, பைக்குள்ளேயே கசங்க விடப்போகிறவர் யாரென்று. நானும் அந்தக் கூட்டம்தான். பல் துலக்கு, மிட்டாய் தராதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சம்பளச் சீட்டைத் தேடுவது

வேண்டாம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறாரா, லாரி ஓட்டுகிறாரா என்று பள்ளிப் பல் சேவையில் யாரும் கேட்பதில்லை.

பெக்கா பி40ஐ நம்புவது

2019இல் வந்த அந்த அரசு சுகாதாரத் திட்டம் குறைந்த வருமானமுள்ள, 40 வயதைத் தொட்டவர்களுக்கு. பேரனின் பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

‘பால் பல்தானே’ என்று கையெழுத்துப் போடாமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும், முதலில் என்மேல்தான். மகள் முதலாம் ஆண்டு படிக்கும்போது பாரம் வந்தது. ஊசி என்றதும் அவள் அழுதாள். நானும், “விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதற்கு வைத்தியம்? வருவதும் பல் நர்ஸ் மிஸ்ஸிதானே, டாக்டர் இல்லையே” என்று பேசி, ‘திடாக் செதுஜு’ (சம்மதமில்லை) என்பதில் குறியிட்டு அனுப்பினேன்.

ஆறு வயதுவாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்கு வழிவிட எந்தப் பல்லும் விழாது. அதனால் அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறோம். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான். மகளின் அந்தப் பல்லில் சொத்தை சிறிய குழியாக இருந்தபோதே பள்ளியில் இலவசமாக அடைத்திருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு தீபாவளி இரவு அவள் கன்னம் வீங்கித் துடித்தாள். தனியார் கிளினிக்கில் பல்லைப் பிடுங்கினோம். ஒரு வாரச் சம்பளமும் போனது. பிள்ளைகளுக்குப் பல் பார்க்கவென்றே 1949 முதல் பினாங்கில் பயிற்சி கொடுத்து உருவாக்கப்பட்டவர்களைத்தான் நான் ‘மிஸ்ஸிதானே’ என்றேன்!

போன வாரம் ஓர் இளம் தாய் அதே வார்த்தையை அப்படியே சொன்னாள். “தங்கச்சி, முதலில் பிள்ளையின் வாயைத் திறந்து கடைசிப் பல்லைப் பார்” என்றேன்.

அப்பா அம்மா ஜொகூரில், பிள்ளை பாட்டியிடம் என்றால் பாரம் வந்த அன்றே வகுப்பாசிரியரைக் கேளுங்கள், பாட்டி கையெழுத்துப் போடலாமா என்று. பல் குழு வந்து நிற்கும்போது போன் அடித்துப் பயனில்லை. தவறவிட்டால் பிள்ளையின் மைகிட் அடையாள அட்டையோடு அரசுப் பல் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.

நோய் விவரத்தைக் காலியாக விடுவது

ஆஸ்துமா, ஜி6பிடி (ரத்தத்தில் ஒரு நொதிக் குறைபாடு), ஒத்துக்கொள்ளாத மருந்து. எழுதுங்கள்.

பிரேசஸ் கேட்பது

அது பள்ளியில் நடக்காது. நிபுணருக்குக் கடிதம் வாங்க வேண்டும், வரிசையும் நீளம்.