கை கயிறு, தூக்குவது கால்: பளுதூக்குதல் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம் ஒரு சந்தில், தரைத்தளத்தில் இருக்கிறது நாங்கள் பழகும் ஹால். மாஸ்டர் வேலூர்க்காரர். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர். அந்தப் பேச்சு வந்துவிட்டால் அன்றைக்குப் பயிற்சி அரை மணி நேரம் தாமதம். காலை ஆறு மணிக்கு வருபவர்களில் பாதிப் பேர் என்னைப் போல நாள் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்திருப்பவர்கள். இரண்டு வருடத்தில் நான் செய்த தவறுகளையும் பக்கத்தில் நின்று பார்த்தவற்றையும் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் பொதுவானது எடை ஏற்றும் அவசரம். ஸ்நாட்ச் என்றால் பாரை, அதாவது இரண்டு முனையிலும் எடை பிளேட் மாட்டும் நீளக் கம்பியை, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது. கிளீன் அண்ட் ஜெர்க் என்றால் முதலில் தோளுக்கு (கிளீன்), அப்புறம் தலைக்கு மேல் (ஜெர்க்). பார் கிளம்பிவிட்டால் நடுவில் யோசிக்க நேரம் கிடையாது. உடம்புக்கு என்ன பழகியிருக்கிறதோ அதுதான் வரும். அதனால்தான் மாஸ்டர் மூன்று வாரம் வெறும் பி.வி.சி. குழாயைக் கையில் கொடுத்தார். பிளம்பர் வேலைக்குப் போகிற மாதிரி இருந்தது. என்னோடு சேர்ந்த ஒரு பையன், ஏற்கெனவே ஜிம்மில் 100 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் போடுகிறவன், இரண்டாவது வாரமே மாஸ்டர் இல்லாத நேரமாகப் பார்த்து 50 கிலோ மாட்டி ஸ்நாட்ச் அடித்தான். ஏறிவிட்டது. ஏறியதுதான் வினை. முதுகும் கையும் சேர்ந்து திருட்டுத்தனமாகத் தூக்கியதை உடம்பு சரியான வழி என்று எடுத்துக்கொண்டது. அதை மறக்கடிக்க மாஸ்டருக்கு இரண்டு மாதம் ஆனது.

தொடங்கும் உயரத்தை யாரும் கவனிப்பதில்லை. போட்டியில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதாவது பார் தரையிலிருந்து சுமார் 22 செ.மீ. உயரத்தில் இருக்கும். சின்ன இரும்பு பிளேட் மாட்டினால் பார் கீழே இறங்கிவிடும். எடுக்கக் குனியும்போதே முதுகு வளைந்துவிடும். முழு அளவு ரப்பர் பிளேட் இல்லையென்றால் இரண்டு பக்கமும் பலகை அடுக்கி உயர்த்திக்கொள்ளுங்கள். பெண்கள் 15 கிலோ பாரைக் கேட்டு வாங்குங்கள். அதன் தடிமன் 25 மி.மீ.; ஆண்களின் 20 கிலோ பார் 28 மி.மீ. சின்னக் கைக்கு அந்த 3 மி.மீ. பெரிய வித்தியாசம். நான் வெட்கப்பட்டுக்கொண்டு நாலு மாதம் கேட்கவே இல்லை.

இனி, பெரிய தவறு. கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி கையால் இழுப்பது. பார் முழங்காலைத் தாண்டியதும் முழங்கை தானாக மடங்கும். மடங்கினால் போச்சு. காலும் இடுப்பும் கொடுக்கிற விசை பாருக்குப் போய்ச் சேராமல் மடங்கிய கையிலேயே கரைந்துவிடும். எனக்கு இது புரியவே இல்லை. கடைசியில் ஒருநாள் மாஸ்டர் பாரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "கிணத்துல தண்ணி எடுக்கறப்போ கயிறு இழுக்குதாம்மா, ஆளு இழுக்கறானா?"

"ஆளுதான் மாஸ்டர்."

"உன் கை கயிறு. ஆளு உன் காலு. தரையைத் தள்ளு, பாரை மறந்துடு."

அன்றைக்கு 25 கிலோ பஞ்சு மாதிரி எழுந்தது. கை எதற்கு என்றால், இடுப்பு முழுதாக நிமிர்ந்த பிறகு உடம்பைப் பாருக்கு அடியில் இழுத்துக்கொள்வதற்கு.

கை பலத்தால் தூக்குவதற்கென்றே ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் பிரெஸ் என்று மூன்றாவது வகை இருந்தது. ஆட்கள் பின்னால் சாய்ந்து ஏமாற்ற ஆரம்பித்தார்கள், நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 1972 மூனிக் போட்டியோடு எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ஜெர்க்கில் முழங்கை மடங்கிய நிலையில் பாரைத் தாங்கி அப்புறம் தள்ளி நீட்டினால் அது செல்லாது. பழகும்போதே அப்படி ஏற்றியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தரையிலிருந்து வெடுக்கென்று பிடுங்குவது அடுத்த கோளாறு. பிடுங்கினால் பிட்டம் முதலில் மேலே போகும், தோள் அங்கேயே நிற்கும், மொத்தப் பாரமும் இடுப்பில் விழும். முழங்கால் வரை நிதானம், தொடைக்கு வந்த பிறகுதான் வேகம். ஹாலில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள். அவர்களிடம் "நிதானா", எங்களிடம் "நிதானம்" என்பார் மாஸ்டர். வேறு எந்தச் சொல்லுக்கும் அவருக்கு மொழிபெயர்ப்பு இவ்வளவு சுலபமாக அமைந்ததில்லை.

கிளீனில் முழங்கையைச் சோம்பலாகச் சுழற்றாதீர்கள். பார் தோளில் உட்காரும்போது முழங்கை முன்னால் பார்த்து நிற்க வேண்டும். கீழே தொங்கிக்கொண்டிருந்தால் உட்காரும் வேகத்தில் முழங்காலில் இடிக்கும். போட்டியில் அது செல்லாது; பயிற்சியில் மணிக்கட்டு போகும். மெத்தென்ற ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம், அடிப்பகுதி கெட்டியாக இருக்கட்டும். கட்டைவிரலைப் பார் மேல் வைத்து மற்ற விரல்களை அதன் மேல் மடக்கும் ஹூக் கிரிப் முதல் சில வாரம் வலிக்கும். டேப் சுற்றிக்கொண்டு அதிலேயே பழகுங்கள்.

மாஸ்டரிடம் பழகும் விதத்திலும் தவறு உண்டு. நம் ஆட்களுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். அவர் என்ன சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி "சரி மாஸ்டர்" என்பேன். பாதி புரிந்திருக்காது. அவர் புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததற்குப் போவார். புரியாவிட்டால் அங்கேயே, அப்போதே கேளுங்கள். வலியையும் மறைக்காதீர்கள். தோளில் சுருக்கென்று இருந்ததை ஒரு வாரம் சொல்லாமல் இருந்தேன். பிறகு ஒரு மாதம் தலைக்கு மேல் எதுவும் தூக்க முடியவில்லை. ராத்திரி நாலு வீடியோ பார்த்துவிட்டுக் காலையில் புது முறையோடு வந்து நிற்பதும் வேண்டாம். உங்களை நீங்களே படம் பிடிக்கலாம். ஆனால் போனைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வையுங்கள். பார் உடம்பை ஒட்டிப் போகிறதா, விலகி வட்டமடிக்கிறதா என்பது அந்தக் கோணத்தில்தான் தெரியும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தூக்கினால் கவனம் பாரை விட்டுக் கண்ணாடிக்குப் போய்விடும்.

கடைசியாக, கீழே போடக் கற்றுக்கொள்ளாமல் எடையைக் கூட்டாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு கூட அன்றைக்குக் கடைசி முயற்சியில் 117 கிலோவைத் தவறவிட்டார். பார் முன்னால் விழுந்தால் நீங்கள் பின்னால் நகர வேண்டும். பின்னால் விழுந்தால் கையை விட்டு முன்னால் துள்ள வேண்டும். சொல்ல எளிது. கை விடாது, பிடித்துக்கொண்டு காப்பாற்றத்தான் பார்க்கும். மாஸ்டர் ரப்பர் பிளேட் மாட்டி, வேண்டுமென்றே போடச் சொன்னார். பத்தாவது தடவைதான் பயமில்லாமல் விட்டேன். மாடி வீட்டில் பார் வாங்கிப் போடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கீழ்வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள்.