சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு: ஒரு லேப்டாப்பின் நெட்டில் இன்னொரு கம்ப்யூட்டர்

கோலாலம்பூர், கொழும்பு, துபாய், டொரண்டோ என்று எங்கிருந்து வந்து இங்கே வீடு பிடித்தாலும், முதல் வாரத்தில் எல்லோரும் கேட்பது இரண்டு விஷயம்: கேஸ் இணைப்பு, நெட். கேஸைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். நெட்டை மட்டும் இங்கே பேசலாம்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி போன்ற இடங்களில் வீடு என்றால் ஃபைபர் லைன் கிடைப்பது பெரிய வேலை இல்லை. மலைமேல் ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குள், நாகலூர் பக்கமோ செம்மடுவு பக்கமோ வீடு என்றால் கம்பம் கம்பமாக ஒயர் இழுத்து வர வேண்டும். அதுவரை வீட்டு ஓனரின் வைஃபையோ, டேட்டா சிம் போட்ட டாங்கிளோதான் கதி. அது பெரும்பாலும் ஒரு லேப்டாப்புக்கு மட்டுமே ஒழுங்காக எட்டும். கப்பலில் போட்டுக் கொண்டுவந்த டெஸ்க்டாப்பில் வைஃபை கார்டே இருக்காது. பிள்ளைக்கு வகுப்பு, உங்களுக்கு வேலை, இரண்டும் ஒரே நேரத்தில். இதற்காக உடனே கடைக்குப் போய் புது ரவுட்டர் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. லைன் கொடுப்பவரே பெரும்பாலும் ரவுட்டரும் சேர்த்துத் தருவார். அதுவரைக்கும் ஒரு லேன் கேபிள் போதும்.

எதையும் பிளக்கில் சொருகும் முன் ஒரு விஷயம். இங்கே மின்சாரம் 230 வோல்ட். லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை, வட்டக் கம்பி பிளக்குக்கு ஒரு மாற்று அடாப்டர் வாங்கினால் சரி. ஆனால் அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த பழைய டெஸ்க்டாப்பின் பின்பக்கம் 115 / 230 என்று ஒரு சிறிய சிவப்பு சுவிட்ச் இருக்கலாம். அது 115-ல் இருக்கும்போது இங்கே சொருகினால் பவர் சப்ளை அந்த நொடியே போய்விடும். 230-க்குத் தள்ளிய பிறகே ஆன் செய்யுங்கள்.

இனி இணைப்பு. ஒரு கம்ப்யூட்டரின் நெட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் வசதி 1999-ல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. விண்டோஸ் 11-லும் அப்படியே இருக்கிறது. முதலில் லேப்டாப் வைஃபையில் சேர்ந்து நெட் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு லேன் கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பிலும் மறுமுனையை டெஸ்க்டாப்பிலும் போடுங்கள். மெல்லிய லேப்டாப்பில் லேன் ஓட்டை இல்லையென்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் வேண்டும். லேப்டாப்பில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குள் போய், சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸை அழுத்துங்கள். அங்கே வைஃபை படத்தின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங். அங்கே முதல் பெட்டியில் டிக் போட்டு, கீழே கேட்டால் ஈதர்நெட்டை (லேன் கேபிள் இணைப்புக்கு விண்டோஸ் வைத்த பெயர்) தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். பலர் குழம்புவது இங்கேதான்: டிக் போட வேண்டியது நெட் உள்ளே வருகிற வைஃபையில், வெளியே போகிற ஈதர்நெட்டில் அல்ல.

டெஸ்க்டாப் பக்கம் எதையும் மாற்ற வேண்டாம். ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டருக்கான எண், தானாகவே வரும், 192.168.137 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் பகிர்வு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள், அப்புறம் லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது கம்ப்யூட்டரிலும் வைஃபை இருந்தால் கேபிளே வேண்டாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் மொபைல் ஹாட்ஸ்பாட். பெயரும் பாஸ்வேர்டும் வைத்து ஆன் செய்தால் எட்டுக் கருவிகள் வரை சேரலாம். இருந்தாலும் நான் கேபிளைத்தான் சொல்வேன். ஒரே வைஃபை கார்டு ரவுட்டரிடம் வாங்கவும் வேண்டும், அடுத்த கம்ப்யூட்டருக்குக் கொடுக்கவும் வேண்டும். நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேபிளில் அந்த இழப்பு இல்லை. ஹாட்ஸ்பாட்தான் வழி என்றால், அங்கேயே இருக்கும் பவர் சேவிங்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாரும் சேராத சிறிது நேரத்தில் அது தானாக நின்றுவிடும். எந்த முறையானாலும் லேப்டாப் தூங்கப் போனால் அடுத்ததற்கும் நெட் போய்விடும், அதனால் ஸ்லீப்பையும் நிறுத்தி வையுங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், இன்டர்நெட் ஷேரிங் என்று போக வேண்டும். வைஃபையில் வாங்கி கேபிளில் கொடுக்கும். வைஃபையில் வாங்கியதை வைஃபையிலேயே கொடுக்க பொதுவாக விடாது. ஆபீஸ் லேப்டாப்பில் இதைச் செய்ய வேண்டாம். விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள்) பல நேரம் தடுத்துவிடும், தடுக்காவிட்டாலும் கம்பெனி விதிக்கு ஒத்துவராது.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய எஸ்டேட் பங்களாக்களின் கல்சுவர் நல்ல தடிமன். ஒரு ஜன்னலில் டவர் கிடைக்கும், இரண்டடி உள்ளே வந்தால் ஒன்றும் இல்லை. நெட் வாங்கும் லேப்டாப்பை அந்த ஜன்னலோரமே வைத்து, உள் அறைக்கு நீளமான லேன் கேபிளை இழுங்கள். ஓனரின் வைஃபை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம்தான், ஆனால் சுவரைத் தாண்டுவதில் பின்தங்கிவிடும். அமெரிக்கா, கனடாவில் வாங்கிய சில லேப்டாப்புகளுக்கு 2.4-ல் 12, 13-ஆம் சேனல்கள் கண்ணிலேயே படாது. போனில் தெரிகிற வைஃபை லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை என்றால், ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒரு சேனலுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டாங்கிளில் ஓடினால் டேட்டா கணக்கு முக்கியம். இங்கே பல ரீசார்ஜ் திட்டங்களில் நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபிதான், அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். அளவில்லாமல் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிது. இரண்டு கம்ப்யூட்டரும் சேர்ந்து விண்டோஸ் அப்டேட் இறக்கினால் காலை டிபன் முடிவதற்குள் அன்றைய பங்கு காலி. இரண்டிலும் தனித்தனியாக மீட்டர்டு கனெக்ஷனை (டேட்டா அளவோடுதான் வருகிறது என்று விண்டோஸுக்குச் சொல்லும் செட்டிங்) ஆன் செய்ய வேண்டும். லேப்டாப்பில் போட்டது டெஸ்க்டாப்புக்குத் தெரியாது.

ஓனரின் வைஃபையைப் பகிர்கிறீர்கள் என்றால் முதலில் கேட்டுவிடுங்கள். "அண்ணா, ரெண்டு கம்ப்யூட்டருக்குப் போட்டுக்கலாமா?" என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பாஸ்வேர்டு இல்லாமல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைக்கவே கூடாது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பு மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்தான். உங்கள் ஹாட்ஸ்பாட்டில் ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்களை நம்பி வைஃபை கொடுத்த ஓனர்.

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இடி பலமாக விழும். வானம் இருட்டினால் சார்ஜரையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஓனரின் ரவுட்டர் ஓடாது. ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

சொந்த லைன் வந்த அன்று ஷேரிங் டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். பகிரும்போது லேப்டாப்பின் ஈதர்நெட்டுக்கு 192.168.137.1 என்று நிலையான முகவரி பதிந்திருக்கும். டிக்கை எடுத்த பிறகும் சில நேரம் அது அங்கேயே தங்கிவிடும், புது ரவுட்டரின் கேபிளைப் போட்டாலும் நெட் வராது. லைன் போட வந்தவரை அனுப்பும் முன்பே ஈதர்நெட் ப்ராப்பர்ட்டீஸில் ஐபி வெர்ஷன் 4-ஐத் திறந்து, முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றிவிடுங்கள்.