நைஜீரியாவுக்கு வேலைக்குப் போற நம்ம ஊர் பசங்களுக்கு: "நீ எந்த ஊரு"ன்னு அங்க எப்படிக் கேக்கணும்

போன மாசம் மட்டும் மூணு பசங்க போன் பண்ணிட்டாங்க, ரெண்டு பேரு ஊத்தங்கரை பக்கம், ஒருத்தன் பாலக்கோடு, மூணு பேருக்கும் லாகோஸ்ல வேலை கெடச்சிருக்கு. சம்பளம் எப்படி வீட்டுக்கு அனுப்புறது, மஞ்சக்காய்ச்சல் ஊசி எங்க போடுறது, அரிசி கெடைக்குமா, இதெல்லாம் கேட்டாங்க. அங்க இருக்குற மனுசங்கள பத்தி ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கல. நான் 9 வருஷம் அங்க இருந்தவன், 6 வருஷம் லாகோஸ், 3 வருஷம் வடக்க கானோ, பிளாஸ்டிக் கம்பெனியில மெயின்டனன்ஸ். போன புதுசுல இந்த விஷயத்த யாராவது சொல்லிக் குடுத்திருந்தா சில பேர் மனச நோகடிக்காம இருந்திருப்பேன், அதனாலதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போவும், பொறுமையா படிங்க.

முதல்ல "நைஜீரியாக்காரன்"னு ஒரே மூட்டையா கட்டுறத விடுங்க. 20 கோடிக்கு மேல ஜனம், 250க்கு மேல இனம், 500க்கு மேல மொழி. வடக்க ஹவுசாவும் ஃபுலானியும், தென்மேற்க யொருபா, தென்கிழக்க இக்போ, இந்த மூணையும்தான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அதோட நிறுத்திடாதீங்க. எண்ணெய் எடுக்குற டெல்டா பக்கம் இஜோ, ஒகோனி, கடலோரத்துல எஃபிக், இபிபியோ, பெனின் நகரத்துல எடோ, நடு நாட்டுல திவ், வடகிழக்க கனூரி, இப்படி போய்க்கினே இருக்கும். ஒரு திவ்காரரப் பாத்து "நீங்க வடக்கா, அப்ப ஹவுசா தான"ன்னு கேக்குறது, தளியில கன்னடம் பேசுற வீட்டுக்குப் போய் "நீங்க கர்நாடகாவா"ன்னு கேக்குற மாதிரி. எங்க வீட்டுலயே தெலுங்குதான், பள்ளிக்கூடத்துல தமிழ், சந்தையில கன்னடமும் உருதும், நம்ம எல்லையோர ஆளுங்களுக்கு இத நான் வெளக்கவே தேவையில்ல, ஆனா ஏரோப்பிளேன் ஏறுனதும் நமக்கே மறந்து போயிடுது.

அங்க ஒரு வார்த்தை கேப்பீங்க, வாசோபியா. யொருபாவுல வா, ஹவுசாவுல சோ, இக்போவுல பியா, மூணுக்கும் அர்த்தம் வரச் சொல்றதுதான். ஆமா, யொருபாவுலயும் வான்னா வாதான், மொத தடவ கேட்டப்ப நான் திரும்பிப் பாத்துட்டேன், யாரோ நம்மாளு கூப்புடுறாருன்னு. இந்த வார்த்தையிலயும் மூணு பேருக்குத்தான் எடம் பாருங்க, மத்த இனங்களுக்கு இல்ல, அந்த வருத்தம் அவங்களுக்கு நெறைய உண்டு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இது ஒன்னு புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். அங்க ஒருத்தர் பொறந்த ஊரு வேற, சொந்த ஊரு வேற. பேப்பர்ல "இண்டிஜீன்"னு போடுவாங்க, ஃபார்ம்ல "ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்"னு ஒரு கட்டம் இருக்கும். அப்பா வழியில பரம்பரை எந்த மண்ணோ அதுதான் அந்தக் கட்டத்துல வரும், நீங்க எங்க பொறந்தீங்க, எத்தன வருஷமா வரி கட்டுறீங்கங்குறதெல்லாம் கணக்கே இல்ல. நம்ம பக்கம் வெச்சு சொல்றேன். ஒசூர்ல சிப்காட் வந்தப்ப திருநெல்வேலியில இருந்து வந்து செட்டிலானவரு இருக்காருன்னு வைங்க, அவரு பேரன் இன்னிக்கு ஒசூர்க்காரன்தான், தாலுக்கா ஆபீஸ்ல போய் இருப்பிடச் சான்று வாங்கிடுவான், யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல. அதே பையன் நைஜீரியாவுல பொறந்திருந்தா, அந்த இண்டிஜீன் சர்டிபிகேட்டுக்கு அவன் பாத்தே இல்லாத திருநெல்வேலி கிராமத்துக்குப் போயி அங்க இருக்குற உள்ளாட்சி ஆபீஸ்ல "இவன் எங்க ஆளு"ன்னு எழுதி வாங்கணும். பல எடத்துல அரசு வேலை, மாநில காலேஜ் சீட்டு, ஸ்காலர்ஷிப் எல்லாம் அந்தக் காகிதத்த வெச்சுத்தான் ஓடுது.

பெரிய ஆளுங்களுக்கும் இதே கதைதான். நாட்டோட மொத ஜனாதிபதி அசிக்கிவே 1904ல பொறந்தது வடக்க சுங்கேருங்குற ஊர்ல, ஹவுசா பேசுவாரு, யொருபாவும் தெரியும், அரசியல் பண்ணது லாகோஸ்ல, ஆனா அவரு ஒனிட்ஷா இக்போ. பின்னால பியாஃப்ராவ தனி நாடுன்னு அறிவிச்ச ஒஜூக்வு பொறந்ததும் அதே சுங்கேருதான், 1933ல. வடக்க பொறந்த ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் கிழக்கோட ஆளுங்களாத்தான் எண்ணப்பட்டாங்க.

என் தப்ப சொல்லிடுறேன். எங்க ஸ்டோர்கீப்பர் வயசானவரு, லாரி டிரைவருங்ககிட்ட சரளமா ஹவுசா பேசுவாரு. நான் போயி மூணு மாசம்தான் ஆயிருக்கும், சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்காந்துக்கினு "நீங்க ஹவுசாவா"ன்னு கேட்டேன். இல்ல இக்போன்னாரு. உடனே நான் நெட்டுல படிச்சது ஞாபகம் வந்து, ஓ அப்ப அந்த பியாஃப்ரா சண்டை உங்களுது தானேன்னு சிரிச்சுக்கினே கேட்டுட்டேன். அவரு ஒன்னும் சொல்லல. பேனா மூடிய எடுத்து மூடுனாரு, ரிஜிஸ்டர மூடுனாரு, டிபன் பாக்ஸையும் மூடிட்டு எழுந்து போயிட்டாரு, பாதி சாப்பாடு அப்படியே இருந்தது. நாலு நாள் வேலை விஷயம் தவிர பேசல. நான் போயி மன்னிப்பு கேட்டப்புறம்தான் சொன்னாரு, அவரு பொறந்ததே கானோ, சபோன் கரிங்குற பகுதி, வெளியூர்க்காரங்கன்னு ஒதுக்குன எடம், அப்பா துணிக்கடை. 1966ல இக்போக்காரங்கள வெட்டிக் கொன்னப்ப கடையப் பூட்டக்கூட நேரமில்லாம ரயிலேறி கிழக்க ஓடுனாங்களாம். சண்டை முடிஞ்சு பேங்குல போட்ட காசக் கேட்டா, எவ்ளோ போட்டிருந்தாலும் சரி, கையில 20 பவுண்டு. அந்த 20 பவுண்டுல அவங்க அப்பா திரும்ப ஆரம்பிச்சாரு. "ஓகா, நான் கானோவுல பொறந்தேன், ஆனா கானோக்காரன் இல்ல"ன்னு அவரு சொன்னது இன்னமும் காதுலயே இருக்கு, ஓகான்னா அங்க பாஸ்னு அர்த்தம்.

அதனால போறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு தெரிஞ்சுக்கினு போங்க, ரொம்ப வேணாம், இது போதும். 1914ல வெள்ளைக்காரன் லுகார்ட் வடக்கையும் தெக்கையும் ஒன்னாக் கட்டுனான், அங்க இருந்தவங்கள யாரும் கேக்கல. 1960 அக்டோபர் 1 சுதந்திரம், அப்ப வடக்கு, மேற்கு, கிழக்குன்னு மூணு மண்டலம், ஒவ்வொன்னுலயும் ஒரு பெரிய இனம், ஒரு பெரிய கட்சி. 1966 ஜனவரி 15 ராணுவப் புரட்சி, பிரதமர் பலேவா, வடக்கு முதல்வர் அஹ்மது பெல்லோ, மேற்கு முதல்வர் அகிந்தோலா மூணு பேரும் செத்தாங்க, புரட்சி பண்ண அதிகாரிங்கள்ல பெரும்பாலும் இக்போங்கறதால வடக்க அத இக்போ சதின்னு பாத்தாங்க. ஜூலையில எதிர்ப்புரட்சி, அந்த வருஷமே வடக்க இக்போ படுகொலை. 1967 மே 30 பியாஃப்ரா அறிவிப்பு, ஜூலையில சண்டை, 1970 ஜனவரியில முடிஞ்சுது. செத்தவங்க 10 லட்சத்துக்கு மேல, பாதிக்கு மேல பட்டினியில, அதுலயும் கொழந்தைங்க. ஜெயிச்சவனும் இல்ல தோத்தவனும் இல்லன்னு அப்ப ஆண்ட ராணுவத் தலைவர் கவோன் அறிவிச்சாரு, நல்ல வார்த்தைதான், ஆனா அந்த 20 பவுண்ட வாங்குனவங்ககிட்ட அது எப்படி எடுபடும். போர்ட் ஹார்கோர்ட்ல விட்டுட்டுப் போன வீடுங்களையும் "கைவிடப்பட்ட சொத்து"ன்னு எடுத்துக்கிட்டாங்க.

சரி, கேக்குறது எப்படி. மொத சந்திப்புல இனம் கேக்காதீங்க, அவ்ளோதான். அரசாங்கமே 2006 சென்சஸ்ல இனமும் கேக்கல மதமும் கேக்கல, எண்ணிக்கைய வெச்சுத்தான் பங்கு பிரியுது, கேட்டா அடிதடி ஆயிடும்னு பயம். நம்ம ஊர் டீக்கடையில "தம்பி எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்"னு கேட்டா என்ன கேக்குறாங்கன்னு நமக்குத் தெரியாதா? ஊரா காலனியான்னு தெரிஞ்சுக்கத்தான். 2012 நவம்பர்ல நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியும் பக்கத்து ரெண்டு காலனியும் எரிஞ்சத பாத்த மாவட்டம் நம்முது, அந்தக் கேள்விக்குள்ள எவ்ளோ நெருப்பு இருக்குன்னு தெரிஞ்ச நாம அங்க போயி அதையே கேக்கலாமா. வணக்கத்துல ஆரம்பிங்க. ஹவுசாவுல சன்னு, காலையில யொருபாவுல எ காரோ, இக்போவுல கெடூன்னா எப்படி இருக்கீங்கன்னு அர்த்தம், நம்ம காதுக்கு ஒரு மாதிரி இருந்தாலும் நல்ல வார்த்தைதான். யாருன்னு தெரியாட்டி பிட்ஜின்ல, அதாவது அங்க பேசுற கலப்பு இங்கிலீஷ்ல, ஹௌ ஃபார்னு சொல்லுங்க, அது எல்லாருக்கும் பொது. பழகுனப்புறம் அவங்களே சொல்லுவாங்க, சொல்றப்ப ஊர் பேரு என்ன, அங்க என்ன வெளையும்னு கேளுங்க, முகம் மலரும் பாருங்க.

பேரையும் மதத்தையும் வெச்சு கணக்குப் போடாதீங்க. யொருபாவுல ஒரே வீட்டுல அண்ணன் முஸ்லிம், தங்கச்சி கிறிஸ்டியன் சகஜம். வடக்குன்னா எல்லாம் முஸ்லிம்னு நெனைக்கிறதும் தப்பு.

அரசியல் நியூஸ் படிக்கிறப்ப ஒரு ஆளு பேரு வந்தா, எந்தக் கட்சின்னு பாக்குறதுக்கு முன்னாடி எந்த மாநிலம்னு பாருங்க, பாதி புரிஞ்சிடும். ஜனாதிபதியாக மொத்த வோட்டு மட்டும் போதாது, 36 மாநிலமும் தலைநகர் அபுஜாவும் சேந்ததுல மூணுல ரெண்டு பங்கு எடத்துல குறைஞ்சது 25 சதவீதம் வாங்கணும், ஒரே இனத்த நம்பி யாரும் ஜெயிக்கக் கூடாதுன்னு வெச்ச விதி. 1979ல 19 மாநிலம்தான், அதுல மூணுல ரெண்டுன்னா 12⅔, அந்தத் தேர்தல்ல ஜெயிச்ச ஷகாரிக்கு 12 மாநிலத்துல அந்த 25 சதவீதம் தெளிவா இருந்துச்சு, 13வது கானோவுல இல்ல, எதிர்த்து நின்ன அவோலோவோ சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி தோத்தாரு. மந்திரிசபையில ஒவ்வொரு மாநிலத்துலயும் அந்த மண்ணோட ஆளு ஒருத்தராவது இருந்தே ஆகணும். கட்சிப் பேருலயும் சின்னத்துலயும் இனத்தக் காட்டக் கூடாது. இதெல்லாம் சட்டத்துல இருக்கு. சட்டத்துல இல்லாதது ஒன்னு, ஜனாதிபதி பதவி வடக்குக்கும் தெக்குக்கும் மாறி மாறிப் போகணுங்குற பேச்சு. 2010ல வடக்கோட யாரதுவா பதவியிலயே எறந்து டெல்டாவோட ஜோனதன் வந்தாரு, 2011ல அவரே நின்னு ஜெயிச்சாரு, எங்க முறை பாதியில போச்சுன்னு வடக்க கோவம், கலவரம், நூத்துக்கணக்குல சாவு. இக்போ ஒருத்தரு நிர்வாக ஜனாதிபதியா தேர்தல்ல ஜெயிச்சு வந்ததே இல்ல, 2023ல பீட்டர் ஒபி நின்னப்ப அந்த ஏக்கம் எவ்ளோ பெருசுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும்.

மாநிலம் ஏன் 36 ஆச்சு? 1967ல 12, 76ல 19, 87ல 21, 91ல 30, 96ல 36. 2004ல தர்மபுரியில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சப்ப நமக்கு சந்தோஷம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல வந்துச்சேன்னு. அங்க அதவிட பெருசு, மாசாமாசம் எண்ணெய்க் காசு அபுஜாவுல இருந்து மாநிலத்துக்குப் பிரியும், தனி மாநிலம் இருந்தா தனிப் பங்கு. ஆனா பிரிக்கப் பிரிக்க சிறுபான்மை புதுசா மொளைக்குது, நேத்து சொந்த மாநிலத்துல இருந்தவன் இன்னிக்கு கோடு போட்டதும் வெளியூர்க்காரன். எண்ணெய் எடுக்குற மாநிலங்களுக்கு 13 சதவீதம் தனியா உண்டு, அது கெடைக்குறதுக்கு முன்னாடி மண்ணு நாசமானத கேட்ட ஒகோனி எழுத்தாளர் கென் சாரோ-விவாவ 1995 நவம்பர் 10 தூக்குல போட்டாங்க. நடு நாட்டு ஜோஸ் நகரத்துல 2001, 2008, 2010ன்னு அடுத்தடுத்து ரத்தம் ஓடுனதுக்கும் அடியில இதே கேள்விதான், பேரோம் இனத்துக்காரங்க நாங்கதான் மண்ணோட ஆளுங்கறாங்க, பல தலைமுறையா இருக்குற ஹவுசாக்காரங்க எங்களுக்கு ஏன் சர்டிபிகேட் இல்லங்குறாங்க.

வேலையில என்ன பண்ணணும்னா, நம்மாளுங்க சில பேரு பழைய சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்தாருன்னு "ஹவுசான்னா வாட்ச்மேன், இக்போன்னா வியாபாரி, யொருபான்னா ஆபீஸ்"னு பிரிச்சு வெச்சிருப்பாங்க, அத தயவு செஞ்சு எடுத்துக்காதீங்க, எனக்கு கிடைச்ச நல்ல எலக்ட்ரீசியனுங்கள்ல ஒருத்தன் வடக்க கட்சினாங்குற ஊர் பக்கத்து ஹவுசா பையன். ஷிப்ட் லீடர் போடுறப்ப ஒரே ஊர் ஆளுங்களா போடாதீங்க, போட்டா லீவு, ஓவர்டைம் எல்லாத்துலயும் சந்தேகம் வரும், நீங்க நேர்மையா இருந்தாலும் வரும். தேர்தல் சமயத்துல யாரு ஜெயிப்பாங்கன்னு கேட்டா, நான் வெளிநாட்டுக்காரன், எல்லாரும் நல்லா இருக்கட்டும்னு நிறுத்திக்கங்க. 2023 பிப்ரவரியில லாகோஸ்ல ஒபி முந்துனாரு, மார்ச்ல கவர்னர் தேர்தல்ல இக்போன்னு தோணுனவங்கள பூத்துல மெரட்டுன செய்தி எல்லாம் வந்துச்சு, அந்த மாதிரி வாரத்துல நம்ம கீழ வேலை செய்றவங்கள ஒரே வண்டியில கலந்து ஏத்தி விடணும், சீக்கிரம் அனுப்பணும், அது உங்க பொறுப்பு.

சாப்பாடு ஒன்னு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். யொருபாவுங்க அமாலான்னு ஒன்னு சாப்புடுவாங்க, காஞ்ச கிழங்கு மாவுல கிண்டுனது, பாக்க நம்ம ராகி களியேதான், அதே நெறம், அதே வழவழப்பு. வடக்க தூவோ, கிழக்க மரவள்ளியில அக்பு, மூணையும் வலது கையில உருட்டி கொழம்புல தொட்டு மெல்லாம முழுங்குவாங்க. நான் லீவுல வந்துட்டுப் போறப்ப ரெண்டு கிலோ ராகி மாவு எடுத்துட்டுப் போயி கேன்டீன்ல களி கிண்டுனேன், கீரைக் கொழம்பு வெச்சு. ஸ்டோர்கீப்பர் ஒரு உருண்டை முழுங்கிட்டு கேட்டாரு, "ஓகா, இது உங்க ஊர்ல எந்த ஜனத்தோட சாப்பாடு?" எல்லாரும் சாப்புடுறதுதான்னேன். அவரு நம்பல, இன்னொரு உருண்டை வாங்கிக்கிட்டாரு. மாவ ரெண்டு கவர் போட்டு கட்டி பெட்டிக்கு நடுவுல வைங்க, இல்லன்னா துணியெல்லாம் மாவாயிடும்.