கணினி விளையாட்டுக்கான தலையசைவு உணரி: மூன்று அகச்சிவப்பு எல்இடிகளைக் கொண்டு வீட்டிலேயே செய்வது எப்படி

விமானம் ஓட்டும் விளையாட்டுகளிலும் லாரி ஓட்டும் விளையாட்டுகளிலும் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானைத் தேடி அழுத்துவது ஆட்டத்தின் இயல்பையே கெடுத்துவிடுகிறது. தலையைச் சற்றுத் திருப்பினால் விளையாட்டுக்குள் பார்வையும் திரும்ப வேண்டும். டிராக்ஐஆர் போன்ற கருவிகள் இதைத்தான் செய்கின்றன. அதே கொள்கையில் இயங்கும் உணரியை மூன்று அகச்சிவப்பு எல்இடிகள், ஒரு மின்தடை, ஒரு யுஎஸ்பி ஒயர், ஒரு பழைய வெப்கேம், ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டு நாமே செய்துகொள்ளலாம். மின்சுற்று எளிது, கவனம் முழுவதையும் கோருபவை எல்இடிகளை நிறுத்தும் சட்டமும் கேமரா காணும் படமும்தான்.

தலையின் அசைவு ஆறு வகைப்படும்: இடவலத் திருப்பம், மேல்கீழ்ச் சாய்வு, தோள்பக்கச் சாய்வு என மூன்று சுழற்சிகள், இடவலம், மேல்கீழ், முன்பின் என மூன்று நகர்வுகள். ஒவ்வொரு புள்ளியும் படத்தில் இரண்டு எண்களைத் தருவதால், ஆறு அசைவுகளையும் கணிக்கக் குறைந்தது மூன்று புள்ளிகள் தேவை. அவை ஒரே கோட்டில் அமையக் கூடாது. அதைவிட முக்கியமாக, மூன்றும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கக் கூடாது. இதன் காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். கேமராவை நேராக நோக்கி 100 மி.மீ. இடைவெளியில் நிற்கும் இரண்டு புள்ளிகளை 10 பாகை திருப்பினால் படத்தில் அந்த இடைவெளி ஏறத்தாழ 98.5 மி.மீ. ஆகத்தான் குறையும்; இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் அதே அளவுதான் குறையும் என்பதால் திசையும் தெளிவாகத் தெரியாது. மாறாக, மற்றவற்றைவிட 60 மி.மீ. பின்தள்ளி நிற்கும் ஒரு புள்ளி அதே திருப்பத்தில் 10 மி.மீ.க்கும் மேலாக ஒரு பக்கம் விலகும். திசை மாறினால் விலகும் பக்கமும் மாறும். எனவே சட்டத்தின் ஆழத்தைச் சுருக்காதீர்கள்.

எல்இடி வாங்கும்போது அலைநீளத்தையும் ஒளி பரவும் கோணத்தையும் பார்க்க வேண்டும். கேமராக்களின் சிலிக்கன் உணரி 940 நானோமீட்டரைவிட 850 நானோமீட்டரை நன்றாகக் காண்கிறது. எல்இடியில் மங்கலான செந்நிறம் தெரிவது உங்களுக்கு இடையூறாக இல்லையெனில் 850 அல்லது 880 நானோமீட்டர் வகையையே பரிந்துரைப்பேன். குறுகிய கோணமுள்ள எல்இடி, தலை சற்றுத் திரும்பியதுமே கேமராவின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அத்தகையவைதான் கிடைத்தன என்றால், உச்சியிலுள்ள குவிந்த பகுதியை அரத்தால் தட்டையாக்கி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிவிடுங்கள். ஒளி பரவலாகி, புள்ளியும் உருண்டையாகத் தெரியும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் தொடுமளவுக்கு ஆழமாக அராவக் கூடாது.

இத்தகைய எல்இடி ஒவ்வொன்றும் 1.3 முதல் 1.5 வோல்ட் வரை எடுத்துக்கொள்ளும். மூன்றையும் தொடராக இணைத்து யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் இயக்கினால், ஒவ்வொன்றுக்கும் 1.35 வோல்ட் என்று கொள்ளும்போது 4.05 வோல்ட் செலவாகி 0.95 வோல்ட் மீதமிருக்கும். அந்த மீதத்தை 22 ஓம் மின்தடையிடம் ஒப்படைத்தால் சுமார் 43 மில்லிஆம்பியர் பாயும். யுஎஸ்பி 2.0 அனுமதிக்கும் 500 மில்லிஆம்பியருக்கு முன் இது மிகச் சிறிது. கால் வாட் மின்தடை தாராளமாகப் போதும். எல்இடியின் நீண்ட கால் நேர்முனை. ஒன்றின் குட்டைக் காலை அடுத்ததன் நீண்ட காலுடன் இணைத்துச் சால்டர் செய்து, ஒவ்வொரு இணைப்பின் மீதும் வெப்பத்தில் சுருங்கும் உறையைப் போடுங்கள். யுஎஸ்பி ஒயரில் பொதுவாகச் சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை என்றாலும் மீட்டரால் உறுதிசெய்துகொண்ட பிறகே இணைக்க வேண்டும். விளக்கு எரிகிறதா என்பதைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்தால் வெளிர் ஊதாவாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கண் தானாக இமைப்பதில்லை. ஆகவே எரியும் எல்இடியை மிக அருகில் வைத்து உற்றுப் பார்க்காதீர்கள்.

ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தில் செங்குத்தாகப் பொருத்தும் சட்டமே செய்வதற்கு எளிதானது: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவிலுள்ளது ஆழத்தில் விலகி. மெல்லிய அலுமினியப் பட்டையோ கெட்டியான பிளாஸ்டிக்கோ போதும். ஆனால் அது துளியும் ஆடக் கூடாது. சட்டம் வளைந்தால் அதைத் தலை திரும்பியதாகவே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பொருத்தி முடித்ததும் எல்இடிகளின் மையங்களுக்கிடையே உள்ள உயரத்தையும் ஆழத்தையும் மில்லிமீட்டரில் அளந்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேமரா. பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்காக 2007இல் வெளிவந்த ‘பிஎஸ்3 ஐ’ (PS3 Eye) என்ற கேமரா இதற்கு இன்றும் ஏற்றது. 640×480 அளவில் நொடிக்கு 60 படங்கள் தரும், லென்ஸைச் சுழற்றினால் பார்வைக் கோணம் 56 அல்லது 75 பாகையாகும். நொடிக்கு 30 படங்கள் தரும் வெப்கேமும் வேலை செய்யும். ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிநொடி கழிவதால் பின்தங்கல் உணரப்படும். வெப்கேமின் லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு கண்ணாடித் துண்டு ஒன்று உண்டு. சாய்த்துப் பார்த்தால் செந்நிறமாகவோ நீலப்பச்சையாகவோ மின்னும். லென்ஸைக் கழற்றி, உணரியின் மேற்பரப்பைத் தொடாமல், அதை மட்டும் பெயர்த்தெடுக்க வேண்டும். சில கேமராக்களில் இத்தடுப்பு லென்ஸின் மீதே பூசப்பட்டிருக்கும். அவை இவ்வேலைக்கு உதவா. கண்ணாடியை நீக்கியதும் குவியம் மாறிவிடும் என்பதால் லென்ஸைத் திருகி மீண்டும் சரிசெய்யுங்கள்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்க வேண்டும். ஒளிபட்டுக் கழுவிய வண்ண நெகட்டிவ் ஃபிலிமின் கரிய பகுதியை இரண்டடுக்காக வெட்டி லென்ஸின் முன் ஒட்டலாம். பழைய ஃபிளாப்பியின் உள்தகடும் பயன்படும். கருப்பு வெள்ளை ஃபிலிமிலுள்ள வெள்ளித் துகள்கள் அகச்சிவப்பையும் மறைத்துவிடுவதால் அதைத் தவிர்க்கவும். பின்னர் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை அணைத்து, எக்ஸ்போஷரை (ஒவ்வொரு படத்துக்கும் உணரியில் ஒளி விழும் நேரத்தை) படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முழு இருளில் மூன்று வெண்புள்ளிகள் மட்டும் நிற்கும் படம் கிடைக்கும் வரை மேலே செல்ல வேண்டாம். சன்னல் வெயில், குண்டு பல்பு, மூக்குக்கண்ணாடியின் பிரதிபலிப்பு ஆகிய எதுவும் நான்காவது புள்ளியாக நுழைந்துவிடும். அந்த இடரை எந்த வடிப்பானாலும் பின்னர் சீராக்க இயலாது.

ஓப்பன்டிராக்கில் உள்ளீடாகப் புள்ளிப் பின்தொடர்தலைத் தேர்ந்து, கேமராவின் பார்வைக் கோணத்தையும் நீங்கள் அளந்த சட்ட அளவுகளையும் இடுங்கள். எல்இடிகள் தலையின் சுழல்மையத்தில் இல்லாததால், அந்த இடைவெளியைக் கணிக்கும் அளவுத்திருத்தத்தை இயக்கி, உடலை நகர்த்தாமல் தலையை இடவலமாகவும் மேல்கீழாகவும் மட்டும் மெதுவாகத் திருப்ப வேண்டும். தோள்பக்கம் சாய்த்தால் கணிப்பு பிழைபடும். இந்தப் படியைத் தவிர்த்தவர்களுக்கு, தலையைத் திருப்பும்போதெல்லாம் விளையாட்டில் இருக்கையும் பக்கவாட்டில் நகர்வதுபோல் தோன்றும்.

கடைசியாக, தலையின் திருப்பம் விளையாட்டில் எவ்வளவு பார்வைத் திருப்பமாக மாற வேண்டும் என்பதை ஓப்பன்டிராக்கில் அமைக்கும் வளைகோடுகள். திரை முன்னால் நிலையாக நிற்பதால் தலையைச் சுமார் 30 பாகைக்கு மேல் திருப்பினால் திரை கண்ணிலிருந்து விலகும். ஆகவே அச்சிறிய திருப்பம் விளையாட்டில் 150 பாகை வரை விரிய வேண்டும். நடுப்பகுதியில் கோட்டைத் தட்டையாக வைத்து, ஓரங்களை நோக்கிச் செங்குத்தாக ஏறவிட்டால், நேராகப் பார்க்கும்போது காட்சி நடுங்காது. நடுக்கம் மிஞ்சினால் ஓப்பன்டிராக்கில் நடுக்கத்தைக் குறைக்கும் ‘அக்செலா’ என்ற வடிப்பானின் மென்மையைச் சிறிது கூட்டலாம். ஆனால் ஒவ்வொரு கூடுதலும் பின்தங்கலாகத் திரும்பி வரும். நடுநிலைக்கு மீட்கும் விசையை ஜாய்ஸ்டிக்கின் பொத்தானொன்றில் அமைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் சற்று நழுவும்போது கையை எடுக்காமலே பார்வையைச் சீர்செய்துகொள்ள முடியும்.